நாலு ஜிபிக்கு ஒரு பைட் குறைவு

2012-ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். மன்னார்குடியில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரன்ட் இருக்காது. கேபிள் வழியாக ஊருக்குள் இணையம் கொடுத்துவந்த ஒரு சின்ன நிறுவனத்தில் நான் அப்போது வேலை பார்த்தேன். கம்பம் ஏறிக் கேபிள் இழுப்பது, கிரிம்பிங் அடிப்பது, ராக்கில் சுவிட்ச் மாட்டுவது, ராத்திரியில் சர்வர் படுத்துவிட்டால் போய் எழுப்புவது, மாசக் கடைசியில் பில் ஓட்டுவது என்று அத்தனையையும் நாலு பேர் பங்கு போட்டுக்கொள்வோம். பில் விஷயம் என் தலையில் விழுந்திருந்தது.

ஒருநாள் காலை கடை திறந்ததும் வயதான ஒருவர் வந்தார். அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் 2 ஜிபி திட்டம். அதற்கு மேல் போனால் எம்பிக்கு 40 பைசா. அந்த மாதம் அவருக்கு நாலாயிரத்து ஐநூறு ரூபாய்ச் சொச்சம் பில் போயிருந்தது. அவர் சத்தம் போடவில்லை. தினசரிக் கணக்கைத் தாளில் அடித்துத் தரச் சொல்லி வாங்கி, கவுன்ட்டரில் விரித்து வைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து மூன்று வரிகளுக்கு அடியில் கோடு போட்டார்.

"தம்பி, இந்த மூணு நாளும் எங்க தெருவுல டிரான்ஸ்ஃபார்மர் போயிருந்தது. மோடமே எரியல. நாலு நாலு ஜிபி எப்படி ஓடியிருக்கும்?"

"செக் பண்ணிச் சொல்றேன் சார்."

"பணம் கிடக்கட்டும். இந்த எண்ணைப் பாருங்க. மூணு நாளும் கடைசி இலக்கம் வரைக்கும் ஒண்ணா இருக்கு. ஒரு மனுஷன் மூணு நாள் ஒரே அளவு செலவழிப்பானா?"

பார்த்தேன். 4294967295. மூன்று வரியிலும் அதேதான். எனக்கு அது புதிதில்லை. லாகில், கவுண்டரில், கெட்டுப்போன கோப்பில் என்று எங்கெங்கோ அடிக்கடி தலைகாட்டும் எண்தான். எங்கள் தொழிலில் அதற்குக் 'கார்பேஜ் வேல்யூ' என்று பெயர் வைத்திருந்தோம். அவரிடமும் அப்படியே சொன்னேன். "அது கார்பேஜ் சார். குப்பை. மெஷின் குழம்பிப் போனா இப்படி வரும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "குப்பையா? இது 3, 5, 17, 257, 65537 அஞ்சையும் பெருக்கினா வர்ற எண்ணு தம்பி. அஞ்சும் பகா எண்."

பில்லைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். இரண்டை முப்பத்திரண்டு முறை பெருக்கினால் 4,29,49,67,296. அதில் ஒன்று குறைந்தால் நம் எண். ஒன்றை எப்போதும் ஒன்றின் வர்க்கம் என்று எழுதலாம். இரண்டின் 32-ஆம் அடுக்கு என்பது 65536-இன் வர்க்கம். ஆக இது வர்க்கத்திலிருந்து வர்க்கத்தைக் கழிப்பது. ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடம் செய்த அதே வாய்பாடு: கூட்டினதையும் கழித்ததையும் பெருக்கு. 65537 பெருக்கல் 65535. அந்த 65535-உம் 256-இன் வர்க்கத்துக்கு ஒன்று குறைவு. எனவே 257 பெருக்கல் 255. அந்த 255, 16-இன் வர்க்கத்துக்கு ஒன்று குறைவு. 17 பெருக்கல் 15. அந்த 15, 5 பெருக்கல் 3. அந்த 3-ஐயும் 2-இன் வர்க்கத்துக்கு ஒன்று குறைவு என்று எழுதினால் 3 பெருக்கல் 1. படிக்கட்டு தரையைத் தொட்டுவிட்டது.

எழுதி முடித்தபின் கீழிருந்து மேலாக ஐந்தையும் பெருக்கிப் பார்த்தார். 15, 255, 65535 என்று போய்க் கடைசிப் பெருக்கலை இலக்கம் இலக்கமாகப் போட்டு, 4294967295 வந்ததும்தான் பென்சிலை வைத்தார். தெரிந்த விடையானாலும் பெருக்கிப் பார்க்காமல் விடமாட்டார் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது.

அன்று மத்தியானம் முழுக்க பில்லிங் நிரலின் உள்ளே உட்கார்ந்தேன். ஒவ்வொரு நாள் நள்ளிரவும் அது வாடிக்கையாளர் கருவியைக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்கும். கருவி பதில் சொல்லவில்லையென்றால் −1 என்று குறித்துக்கொள்ளும்படி எழுதியிருந்தார்கள். 'பதில் இல்லை' என்பதற்கு நிரல் எழுதுகிறவர்கள் நெடுநாளாக வைத்திருக்கும் அடையாளம் அது; அதில் தவறில்லை. ஆனால் அந்த −1 போய் உட்கார்ந்த இடம், கழித்தல் குறியே இல்லாத 32 பிட் பெட்டி.

அந்தப் பெட்டிக்குள் −1 என்னவாகும் என்பதற்கு ஈபி மீட்டரை நினைத்துக்கொண்டால் போதும். பழைய ஐந்து இலக்கச் சக்கர மீட்டர் 99999-க்கு வந்தபின் இன்னொரு யூனிட் ஓடினால் 00000 ஆகிவிடும். ஒன்றைக் கூட்டினால் சுழியம் வருகிற எண் எது? −1. ஆகவே அந்த மீட்டரின் உலகத்தில் 99999-உம் −1-உம் ஒன்றே. நம் 32 பிட் பெட்டியில் ஒவ்வொரு சக்கரத்திலும் 0, 1 என்ற இரண்டே இலக்கம். முப்பத்திரண்டு சக்கரத்திலும் 1 நிற்கும்போது ஒன்றைக் கூட்டினால் மீதி ஏறி ஏறி எல்லாம் சுழியமாகும். முப்பத்திரண்டு ஒன்றுகள் சேர்ந்த அந்த எண்தான் 4294967295. கரன்ட் இல்லாத வீட்டின் மோடம் 'நான் இல்லை' என்று சொன்னதைத்தான் நாங்கள் 'நாலு ஜிபி ஓடியது' என்று படித்து மனிதர்களிடம் பணம் கேட்டிருக்கிறோம்.

தேடிப் பார்த்ததில் அந்த மாதம் முப்பதுக்கும் மேற்பட்ட வீடுகளின் கணக்கில் அதே எண் கிடந்தது. மற்றவர்களும் வந்து கேட்டிருக்கிறார்கள். சிலர் சண்டை போட்டுவிட்டுப் பணம் கட்டிப் போயிருக்கிறார்கள். அதை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது. முதலாளியிடம் தாளை வைத்து விளக்கினேன். எல்லோருக்கும் அடுத்த பில்லில் கழித்துக் கொடுத்தோம். நிரலில் ஒரு வரி மாற்றினேன்.

சாயங்காலம் சார் வீட்டுக்குப் போய்த் தகவல் சொன்னேன். அவர் முகத்தில் மகிழ்ச்சி வந்தது, ஆனால் பணம் திரும்பி வந்ததற்காக இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது. "ஒண்ணு கூட்டினா சுழியம். அழகா இருக்கே" என்று தனக்குள் இரண்டு முறை சொல்லிக்கொண்டார். பிறகு, "காலையில ஒரு விஷயம் சொல்லாம விட்டேன். படிக்கட்டுல கீழ இறங்கினோம்ல, அதே மாதிரி மேல ஏறிப் பாருங்க. 3, 5, 17, 257, 65537. ஒவ்வொண்ணுலயும் ஒண்ணைக் குறைச்சு, வர்க்கம் பண்ணி, ஒண்ணு கூட்டினா அடுத்தது. அடுத்த படி என்ன?"

"4,29,49,67,297."

"அது பகா எண்ணா?"

இதைக் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நான் கிளம்பும்போது மட்டும் வாசலில் நின்று, "எல்லா எண்ணாலயும் வகுக்க வேண்டாம். 64-இன் மடங்கோட ஒண்ணு கூட்டின பகா எண்ணால மட்டும் வகுத்தாப் போதும். அதுக்கு நிரூபணம் இருக்கு, அப்புறம் சொல்றேன்" என்றார்.

அன்று ராத்திரி ஷிப்ட் எனக்கு. ஒன்பது மணிக்குக் கரன்ட் போனது. யுபிஎஸ் சர்வருக்கு மட்டும்தான் தாங்கும். கணினியில் நாலு வரி எழுதியிருந்தால் கண் சிமிட்டுவதற்குள் விடை வந்திருக்கும். ஆனாலும் எமர்ஜென்சி லைட்டை வைத்துக்கொண்டு தாளில் போட்டேன். 65, 129 இரண்டும் பகா எண் இல்லை. 193 பகா எண். நீள வகுத்தல் போட்டேன், மீதி 109. அடுத்தது 257. இதற்கு வகுத்தலே வேண்டியதில்லை. நம் பழைய எண்ணை 257 மீதியில்லாமல் வகுக்கும், இது அதைவிட 2 அதிகம், ஆகவே மீதி 2. இது தோன்றியபோது தனியாக இருந்த அறையில் வாய்விட்டு 'ஆ' என்றேன். 321, 385 விட்டுவிடலாம். 449-க்கு மீதி 325. 513 மூன்றால் வகுபடும். 577-க்கு மீதி 288. அடுத்தது 641.

641-ஐப் போட ஆரம்பித்தபோது பதினொன்றரை மணி. 4294-இல் 6 முறை, மீதி 448. 9-ஐ இறக்கினால் 4489, அதில் 7 முறை, மீதி 2. அடுத்து 6-ஐயும் 7-ஐயும் இறக்கினாலும் வெறும் 267தான், இரண்டு சுழியம். அடுத்த 2-ஐ இறக்கினால் 2672, நாலு முறை, மீதி 108. 9-ஐ இறக்கினால் 1089, ஒரு முறை, மீதி 448. கடைசி 7-ஐ இறக்கினேன். 4487. 641-ஐ ஏழால் பெருக்கினால் 4487.

மீதி இல்லை. ஈவு 67,00,417.

கரன்ட் வந்து ஃபேன் சுற்ற ஆரம்பித்தபோதும் நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். விடிந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் சார் வீட்டுக்குப் போனேன். தாளை வாங்கி ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்துவிட்டுச் சொன்னார்: "1640-லயே ஃபெர்மா இந்த வரிசை முழுக்கப் பகா எண்ணாத்தான் இருக்கும்னு நம்பினார். அப்பேர்ப்பட்ட மேதை. 1732-ல ஆய்லர் இந்த 641-ஐக் கண்டுபிடிச்சுத்தான் அந்த நம்பிக்கை உடைஞ்சது. உனக்கு 280 வருஷம் முன்னாடி." அன்றிலிருந்து என்னை 'நீ' என்றுதான் கூப்பிட்டார்.

வகுக்காமலே 641 உள்ளே நுழையும் என்று காட்டும் வழி ஒன்றையும் அன்று சொல்லிக்கொடுத்தார். 641 என்பது 640-உடன் 1. 640 என்பது 5-ஐ இரண்டின் ஏழாம் அடுக்கால் பெருக்கியது. அதே 641 என்பது 625-உடன் 16. அதாவது 5-இன் நாலாம் அடுக்கும் 2-இன் நாலாம் அடுக்கும் சேர்ந்தது. 641-ஆல் வகுத்து மீதியை மட்டும் பார்க்கும் உலகத்தில் 640-உம் −1-உம் ஒன்று. மறுபடியும் ஈபி மீட்டர்தான். இம்முறை 641-இல் சுழியமாகிற மீட்டர். −1-ஐ நாலு முறை பெருக்கினால் 1. ஆகவே 5-இன் நாலாம் அடுக்கையும் 2-இன் 28-ஆம் அடுக்கையும் பெருக்கினால் மீதி 1. அந்த 5-இன் நாலாம் அடுக்குக்குப் பதில், கழித்தல் குறியோடு 2-இன் நாலாம் அடுக்கைப் போடலாம். 28-உம் 4-உம் 32. கழித்தல் குறியோடு 2-இன் 32-ஆம் அடுக்கு 1-க்குச் சமம் என்று வந்துவிட்டது. ஒன்றைக் கூட்டினால் சுழியம். நான் அந்த நிரூபணத்தை ஒரு பழைய ரூட்டர் அட்டைப் பெட்டியின் மூடியில் எழுதி ராக்குக்கு மேல் ஒட்டிவைத்தேன்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் சார் வீட்டுக்குப் போவது வழக்கமாகிவிட்டது. கவராயமும் குறியில்லாத அளவுகோலும் மட்டும் வைத்து எந்தெந்த ஒழுங்குப் பலகோணங்களை வரையலாம் என்ற கேள்வியிலும் இதே எண் வந்து நிற்கிறது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். முக்கோணமும் ஐங்கோணமும் பண்டைக் கிரேக்கர்களுக்குத் தெரியும். பிறகு இரண்டாயிரம் வருஷம் ஒன்றும் நகரவில்லை. 1796 மார்ச் 30 அன்று, பத்தொன்பது வயது நிறைய ஒரு மாதம் இருந்தபோது, காஸ் 17 பக்க உருவத்தை வரையமுடியும் என்று கண்டார். ஃபெர்மாவின் பகா எண்களை ஒவ்வொன்றும் ஒருமுறைக்கு மேல் வராமல் பெருக்கி, வேண்டுமானால் இரண்டால் எத்தனை முறையும் பெருக்கிக் கிடைக்கும் பக்க எண்ணிக்கைகளை எல்லாம் வரையலாம் என்பது அவருடைய முடிவு. இவற்றையும், சதுரம்போல இரண்டின் அடுக்காக மட்டும் பக்கங்கள் உள்ளவற்றையும் தவிர வேறு எதையும் வரையமுடியாது என்பதை 1837-இல் வான்ட்செல் நிறுவினார்.

ஃபெர்மா பகா எண்கள் என்று இன்றுவரை தெரிந்தவை அந்த ஐந்துதான். ஐந்திலிருந்து ஒன்றோ பலவோ எடுத்துப் பெருக்கினால் 31 எண்கள். ஆகவே ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்டு வரையத்தக்க பலகோணங்களில் நமக்குத் தெரிந்தவை 31. அவற்றில் மிகப் பெரியது ஐந்தையும் பெருக்கினது. 4,29,49,67,295 பக்கங்கள். கரன்ட் இல்லாத நாளில் சார் கணக்கில் ஏறிய அதே பைட் எண்ணிக்கை. ஆறாவது ஃபெர்மா பகா எண் ஒன்று அகப்பட்டால் இந்தச் சிறப்பு போய்விடும். 4,29,49,67,297-இலிருந்து மேலே ஏறிச் சோதித்தவரை எல்லாம் பகு எண்ணாகவே முடிந்திருக்கின்றன.

65537 பக்க உருவத்தை வரையும் முறையை ஹெர்மஸ் என்ற ஜெர்மானியர் சுமார் பத்து வருஷம் உட்கார்ந்து எழுதி 1894-இல் முடித்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி கட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் போனது. அவர் செய்ததை வீண் வேலை என்று எழுதுகிறவர்கள் உண்டு. சார் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். எனக்கும் ஒப்பவில்லை. பத்து வருஷம் ஒரு எண்ணோடு குடியிருக்கத் தோன்றியிருக்கிறது, இருந்திருக்கிறார்.

சார் அத்தனை சொல்லிக்கொடுத்ததற்கு நான் திருப்பிக் கொடுத்த ஒரே பொருள் 65537தான். ஒரு ஞாயிறு மடிக்கணினியை எடுத்துப்போய் ஒரு வங்கியின் இணையதளத்தைத் திறந்தேன். முகவரிக்குப் பக்கத்தில் இருந்த பூட்டுப் படத்தைத் தட்டி, சர்டிபிகேட்டுக்குள் போய், 'எக்ஸ்போனன்ட்' என்ற வரியைக் காட்டினேன். 65537. பணம் அனுப்பும்போது ரகசியம் காக்கும் ஆர்எஸ்ஏ முறையில் பெரும்பாலும் இந்த எண்ணைத்தான் போடுகிறார்கள். இரும எண்ணாக எழுதினால் ஒரு 1, பதினைந்து சுழியம், இன்னொரு 1. ஆகவே இந்த அடுக்குக்கு உயர்த்தப் பதினாறு முறை வர்க்கம் செய்து ஒரே ஒருமுறை பெருக்கினால் போதும், வேலை சீக்கிரம் முடிகிறது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். "முப்பத்தி நாலு வருஷம் இதைப் போர்டுல எழுதியிருக்கேன். இது வெளியில வேலை பாக்குதுன்னு யாரும் எனக்குச் சொல்லலையே" என்றார்.

இன்னொரு நாள் அவர் ஒரு கிராஃப் தாளைக் கொடுத்து உச்சியில் ஒரு புள்ளி வைக்கச் சொன்னார். விதி ஒன்றுதான்: மேலே அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கட்டமும் ஒரே மாதிரி இருந்தால் கீழே காலி, வேறு வேறாக இருந்தால் புள்ளி. எங்கள் பாஷையில் எக்ஸார். பாஸ்கல் முக்கோணத்தில் ஒற்றைப்படை எண்களை மட்டும் கறுப்பாக்கினால் வருவது இதுதான். வரிகளை இரும எண்களாகப் படித்தேன்: 1, 3, 5, 15, 17, 51, 85, 255. எட்டாவது வரியில் எட்டும் புள்ளி. ஒன்பதாவது 257. பிறகு 771 என்று மேலே போகிறது. இரண்டு சாயங்காலம் பிடித்தது. முப்பத்திரண்டாவது வரியில் முப்பத்திரண்டு கட்டமும் புள்ளியாகி, ஓட்டையில்லாத ஒரு கோடாக நின்றது. நம் எண். அதையும் சேர்த்து மேலே உள்ள வரிகள் அனைத்தும் அந்த எண்ணின் வகுத்திகள், ஒன்றுகூட விடாமல், சிறியது முதல் பெரியதுவரை வரிசையாக. முப்பத்திரண்டு வகுத்தி, முப்பத்திரண்டு வரி. அடுத்த வரியில் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு புள்ளி, நடுவில் முப்பத்தியொரு காலிக் கட்டம். அதன் பக்கத்தில் சார் சிவப்பு மையில் 641 என்று எழுதினார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

இந்தப் பழக்கம் என் தொழிலுக்குள் என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதுவரை எண் தப்பாக வந்தால் ரீசெட் பண்ணுவேன். இப்போது அந்த எண்ணை உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரர் ஒருவர், 16 ஜிபி பென்டிரைவ் காலியாகக் கிடந்தும் ஐந்து ஜிபி வீடியோ ஏறமாட்டேன் என்கிறது என்று வந்தார். முன்பானால் பென்டிரைவ் போலி என்று சொல்லி அனுப்பியிருப்பேன். ஃபேட்32 முறையில் கோப்பின் நீளத்தை எழுத 32 பிட்தான் இடம். நாலு ஜிபிக்கு ஒரு பைட் குறைவுவரை ஏறும், அதற்குமேல் நீளத்தை எழுத இடமில்லை. வேறு முறையில் ஃபார்மட் செய்து கொடுத்தேன்.

அவர் போனபிறகு ஒரு சந்தேகம் வந்தது. நாளெல்லாம் எங்கள் இணையத்தில் வீடியோ இறக்குகிற இந்த மனிதருக்கு எப்படி மாசாமாசம் சின்ன பில்லே போகிறது? ரேடியஸ் சர்வரின் பதிவுகளைத் திறந்தேன். ஒருவர் இணைப்பில் நுழைந்து வெளியேறும்வரை ஓடிய பைட்டுகளை அது 32 பிட் கவுண்டரில் எண்ணும். நிரம்பினால் மறுபடி சுழியத்திலிருந்து ஆரம்பிக்கும். எத்தனை முறை நிரம்பியது என்பதை 'ஜிகாவேர்ட்ஸ்' என்ற இன்னொரு பத்தியில் எழுதிவைக்கும். எங்கள் பில்லிங் நிரல் அந்தப் பத்தியைத் திறந்து பார்த்ததே இல்லை. அவர் 500 கோடி பைட் இறக்கிய ராத்திரியில் எங்கள் கணக்கில் ஏறியது 70,50,32,704 மட்டும். கழித்துப் பார்த்தேன்: வித்தியாசம் மிகச் சரியாக 4,29,49,67,296. ஒரு பக்கம் கரன்ட் இல்லாதவரிடம் நாலு ஜிபிக்குப் பணம் கேட்டிருக்கிறோம், இன்னொரு பக்கம் ஓடிய நாலு ஜிபியை எண்ணாமல் விட்டிருக்கிறோம். இரண்டும் ஒரே எண்ணின் இரண்டு ஓரம்.

சுவிட்சுகளில் போக்குவரத்தை வரைபடமாகப் போடும்போதும் இதே கதைதான். பழைய கவுண்டர்கள் 32 பிட். நூறு எம்பிபிஎஸ் வேகத்தில் கேபிள் முழுக்க ஓடினால் ஐந்தே முக்கால் நிமிஷத்துக்குள் நிரம்பிச் சுழியமாகிவிடும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை படித்தால் பிழைத்தோம். ஏனென்றால் ஒரே ஒருமுறை சுற்றியிருந்தால் கழித்தல் தானாகவே சரியாக வரும். முன்பு 4294967000, இப்போது 500 என்றால், 32 பிட் பெட்டிக்குள் கழித்தால் 796 வரும், ஓடியதும் 796தான். ஈபி மீட்டர் ரீடிங் எடுக்கிறவர் 99998-க்குப் பிறகு 00003 பார்த்தால் ஐந்து யூனிட் என்று எழுதுவதில்லையா, அதுபோல. கிகாபிட் வேகம் வந்தபோது அந்த ஐந்து நிமிஷம் 34 விநாடியாகச் சுருங்கியது. நடுவில் எத்தனை சுற்று போயிற்று என்று யாருக்கும் தெரியாது. வரைபடம் பொய் சொல்லும்.

ஜெனரேட்டர் வந்தபின் இன்னொன்று நடந்தது. எங்கள் பழைய கண்காணிப்பு நிரல் ஐம்பது நாளுக்கு ஒருதரம் உறைந்துபோக ஆரம்பித்தது. மின்வெட்டுக் காலத்தில் எந்தக் கணினியும் அத்தனை நாள் தொடர்ந்து ஓடியதே இல்லை, அதனால் இந்தக் கோளாறு வெளியே தெரியவில்லை. கால்குலேட்டரை எடுத்து 4294967296 மில்லி விநாடியை நாளாக்கினேன்: 49 நாள், 17 மணி, 2 நிமிஷம், 47 விநாடி. லாகில் இருந்த நேரத்தோடு ஒத்துப்போனது. விண்டோஸ் 95, 98 இரண்டிலும் இதே கோளாறு இருந்தது. 2004 செப்டம்பர் 14 அன்று தென் கலிபோர்னியாவின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்தில் விமானிகளோடு பேசும் கருவி அடங்கிப்போனதற்கும் இத்தகைய கடிகாரம்தான் காரணம். மாதம் ஒருமுறை நிறுத்தித் தொடங்க வேண்டியதை யாரோ விட்டுவிட்டார்கள். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் ஊரில் தவறியது பில். அங்கே வானத்தில் ஆட்கள் இருந்தார்கள்.

இந்த எண்ணில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு கணக்கு. 1-இலிருந்து 4,29,49,67,295 வரை உள்ள எண்களில், அதனோடு 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாதவை எத்தனை? ஐந்து பகா எண்களிலும் ஒவ்வொன்று குறைத்துப் பெருக்க வேண்டும்: 2, 4, 16, 256, 65536. எல்லாம் இரண்டின் அடுக்குகள். பெருக்கினால் இரண்டின் 31-ஆம் அடுக்கு, 2,14,74,83,648. கழித்தல் குறி உள்ள 32 பிட் எண்களில் கீழே போகக்கூடிய கடைசி எல்லை இதே எண்தான், முன்னால் ஒரு கழித்தல் குறியோடு. இதை நானே போட்டு சாரிடம் காட்டினேன். அவரும் பெருக்கிப் பார்த்தார்.

மன்னார்குடி வேலையை விட்டு நான் திருச்சிக்கு வந்து பல வருஷமாகிறது. சாரும் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது என் கையில் இருக்கும் சுவிட்சுகளில் கவுண்டர் 64 பிட். கிகாபிட் வேகத்தில் நிற்காமல் ஓடினாலும் நிரம்ப 4,600 வருஷத்துக்கு மேல் ஆகும். நான் பழகிய எண் லாகில் அநேகமாகக் காணாமல் போய்விட்டது. போன வருஷம் ஒருநாள் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் திரையைக் காட்டி, "அண்ணே, கார்பேஜ் வேல்யூ வருது" என்றான். 18446744073709551615 என்று இருந்தது. அவனை உட்காரச் சொல்லிவிட்டு ஒரு தாளை எடுத்தேன். இதுவும் வர்க்கத்துக்கு ஒன்று குறைவு. பழைய எண்ணையும், அதைவிட இரண்டு அதிகமான எண்ணையும் பெருக்கினது.

அன்று ராத்திரி சாருக்குப் போன் போட்டேன்.

"சார், 64 பிட்டு எண்ணையும் உடைச்சுப் பாத்தேன்."

"எத்தனை காரணி?"

"ஏழு."

"அஞ்சு நம்ம பழைய ஆளுங்க. மீதி ரெண்டு?"

"641" என்றேன். மறுமுனையில் அவர் மகளிடம் பென்சில் கேட்பது காதில் விழுந்தது. "67,00,417."

"இரு, வச்சுடாதே" என்றார். "பெருக்கிப் பாத்துட்டுச் சொல்றேன்."